உன் அம்மாவின் பத்தொன்பது கைப்பைகள்

ரியாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அங்கே நல்லபடியாக இருக்க நாங்கள் துஆ செய்தபடியே இருக்கிறோம். அத்தா பேனா பிடித்து உனக்கு எழுதுவதைப் பார்த்து ஆச்சரியப்படுவாய். வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பலாம் என்று இன்று காலையிலிருந்து மூன்று முறை முயன்றேன். பாதியிலேயே நிறுத்தி அழித்துவிடுகிறேன். அதனால் மருமகள் ஷபானாவின் மேஜையிலிருந்து கோடு போட்ட நாலு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன். வேலை முடிந்து ரூமுக்கு வந்து, சாப்பிட்டு, படுக்கையில் உட்கார்ந்து பொறுமையாகப் படி. நடுவில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யாதே.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நான் வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, நீ கூப்பிட்டாய். இரண்டு விஷயம் சொன்னாய். கார்கோவில் ஷபானாவுக்கு மூன்று ஹேண்ட்பேக் அனுப்பியிருக்கிறேன், அம்மாவின் பழைய பேக்குகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு உள்ரூம் பீரோவைக் காலி செய்து கொடுங்கள் என்றாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத்தா, அவ ஸ்கூலுக்கு டீச்சரா போறத நீங்களே நிப்பாட்டிடுங்க. நான் சொன்னா சண்டையாவுது. பெரம்பலூருக்குத் தெனம் பஸ்ஸுல போயி வர்றது எனக்குப் புடிக்கல. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நீங்க சொன்னா கேட்டுக்குவா" என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாக்குறேன்" என்று வைத்துவிட்டேன். எனக்கு இப்போதெல்லாம் காது மந்தம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன், உனக்குத் தெரியும். அடுப்படியில் ஷபானா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் நின்றதை நான் கவனித்தேன். அதற்கு மேல் எதுவும் கவனிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை பீரோவைத் திறந்தோம். உன் அம்மா, ஷபானா, நான். அந்த பீரோவுக்குள் எத்தனை பை இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. வாங்கி வந்தவன் நான்தான். ஒவ்வொரு லீவுக்கும் ஒன்று, சில தடவை இரண்டு. துபாயில் லீவு கிடைத்ததும் முதலில் போவது அந்தக் கடைக்குத்தான். அம்மா பெட்டியைத் திறந்து எடுத்துப் பார்த்து "நல்லாருக்குங்க" என்பாள். அதோடு என் வேலை முடிந்தது. பிறகு அது எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை. எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது.

உன் அம்மா அவற்றை வைத்திருந்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இருபத்து நாலு வருஷம் கம்பெனி ஸ்டோரில் சாமான்களை ராக் ராக்காக அடுக்கியவன் நான். அப்படி ஒரு ஒழுங்கை நான் வைத்ததில்லை. என்னுடைய பழைய வெள்ளை வேட்டிகளைக் கிழித்து, ஒவ்வொரு பைக்கும் அளவெடுத்து உறை தைத்திருந்தாள். பாலித்தீன் கவர் ஒன்றுகூட இல்லை. "பிளாஸ்டிக்ல போட்டா வேர்த்துடும்ங்க" என்றாள். பைகளின் வயிறு அமுங்கிவிடாமல் இருக்க உள்ளே பழைய பனியன்களைச் சுருட்டி வைத்திருந்தாள். நியூஸ்பேப்பர் வைத்தால் மை ஒட்டுமாம். தோள்பட்டை வார்களை மடக்காமல் சுற்றி உள்ளே விட்டிருந்தாள். சங்கிலி வைத்தவற்றில் சங்கிலி தோலில் படாதபடி துணி சுற்றியிருந்தாள். மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் இழுக்கிற சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, பைக்கு ஒன்று போட்டிருந்தாள். ஒன்றன்மேல் ஒன்று போடாமல் எல்லாவற்றையும் நிற்க வைத்திருந்தாள். ஒவ்வொரு உறையிலும் ஒரு துண்டுச் சீட்டு, குண்டூசியால் குத்தியது. அதில் அவளுடைய குண்டு குண்டு எழுத்து: 'முதல் லீவு, கருப்பு.' 'ரெண்டாவது லீவு, பழுப்பு.' 'அஞ்சாவது லீவு, சின்னது, மணி வச்சது.'

ஷபானா சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "மாமி, வருஷம் போட மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"வருஷம் என்னம்மா தெரியும் எனக்கு? அவங்க வந்துட்டுப் போனதுதான் தெரியும்" என்றாள் அம்மா.

அந்தப் பதிலை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கையிலிருந்த பையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

உறைகளைக் கழற்றினோம். கருப்புப் பையின் மேல்தோல் செதில் செதிலாக உதிர்ந்து அம்மாவின் மடியெல்லாம் கொட்டியது. இன்னொன்றின் இரண்டு கைப்பிடிகளும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பிரித்தால் பிசின் மாதிரி விரலில் வந்தது. ஜிப் பல்லெல்லாம் பச்சை பூத்திருந்தது. தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, வெளியில் எடுத்துப்போகும் நிலையில் இருந்தவை ஐந்தோ ஆறோதான். அவையும் மேலே பூசணம் பூத்து. அம்மா ஒவ்வொன்றையும் எடுத்து முந்தானையால் துடைத்துத் துடைத்து, உதிர்கிற இடத்தை மட்டும் அமுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ தான் தப்பு செய்துவிட்டது போல, "வருஷத்துக்கு ரெண்டு தடவை நெழல்ல காய வைப்பேங்க. வெயில்லகூட வைக்க மாட்டேன். எப்படி இப்படி ஆச்சுன்னு தெரியல" என்றாள்.

அதில் இரண்டை எடுத்துக்கொண்டு பிறகு நான் பெரம்பலூர் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பை, செருப்பு தைக்கிறவர் ஒருவர் இருக்கிறார். பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாய், இது தோல் இல்ல. ரெக்சின் மாதிரி சரக்கு. நம்ம ஊரு சூட்டுக்குப் பூட்டி வச்சா தானா உரிஞ்சிடும். பொழங்கியிருந்தா அஞ்சாறு வருஷமாச்சும் ஒழைச்சிருக்கும். யாரு இத இப்படிப் பொத்திப் பொத்தி வச்சது?" என்றார். நான் இரண்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

யார் வைத்தது என்பதைவிட ஏன் வைத்தாள் என்பதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் மூன்றாவது லீவில் மெரூன் கலரில் ஒரு பை வாங்கி வந்தேன். உனக்கு அப்போது நாலு வயது. நான் திரும்பிப் போய் இரண்டு மாதம் இருக்கும். அரியலூரில் அம்மாவின் சித்தப்பா மகளுக்கு நிக்காஹ். அம்மா உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த மெரூன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் போய்விட்டு மறுநாள் வந்திருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்த நம் ஊர்க்காரர் ஒருவர் அடுத்த வாரம் துபாய் வந்தார். நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும்போது, "ஒன் வூட்டுக்காரி ஜம்முனு பேக்க மாட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிது. யாரோன்னு நெனச்சேன்" என்றார். தமாஷாகத்தான் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் மட்டும் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

அப்போது நம் வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டுக்குப் போன் செய்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அவள் ஓடிவந்து மூச்சு வாங்க ஸலாம் சொன்னாள். நான் ஸலாமுக்குப் பதில் சொல்லவில்லை. "ஒத்தையில பஸ்ஸேறிப் போற அளவுக்கு வந்துட்டியா? யாருக்குக் காட்டப் போன? இனிமே ஒந்தம்பி கூட வராம ஊரு எல்லையத் தாண்டக் கூடாது" என்று கத்தினேன். நான் கத்தியது அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அம்மா "சரிங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். எனக்கு அப்போது ஒரு திருப்திகூட வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். வீட்டைத் தூரத்திலிருந்தே கட்டுக்குள் வைத்திருக்கிறேன் என்ற திருப்தி. அடுத்த மாதமே மறந்தும் போனேன். அடுத்த லீவுக்கு இன்னும் பெரிய நீலப் பை வாங்கிக்கொண்டு வந்து நின்றேன். எங்கேயும் போகக் கூடாது என்று சொன்ன வாயால், "புடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

இப்போது நான் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை மிச்சமிருந்த பைகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அந்த நீலப் பையில் மட்டும் சுருட்டிய பெரிய பனியன் இல்லை. ஷபானா கையை விட்டு ஒரு சின்னப் பிள்ளை பனியனையும், ஒரு கைக்குட்டையையும், நாலாக மடித்த டாக்டர் சீட்டு ஒன்றையும் எடுத்தாள். "மாமி, இது யாரோடது?" என்றாள்.

அம்மா பனியனை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தாள். "ரியாஸோடது. காது வலிச்சப்ப எடுத்து வச்சது" என்றாள்.

உன் இடது காது, ரியாஸ். உனக்கு ஆறு வயதில் போன காது. அது எப்படிப் போனது என்று உனக்கு நான் என்ன சொல்லி வளர்த்தேன்? காதில் சீழ் வைத்ததை உன் அம்மா கவனிக்காமல் விட்டுவிட்டாள், முற்றிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடினாள் என்று சொன்னேன். உன் முன்னாலேயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆபரேஷன் முடிந்த அன்று போனில் அவளிடம், "ஒரு புள்ளையப் பாத்துக்கத் துப்பில்ல" என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. பேசாததால் அதுதான் உண்மை என்று எடுத்துக்கொண்டேன். நீயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாய். காது சரியில்லை என்று முதல் கம்பெனி உன்னைத் திருப்பி அனுப்பிய அன்று, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அம்மாவைப் பார்த்து, "அன்னைக்கு நீங்க ஒழுங்கா பாத்திருந்தா எனக்கு இந்த நெலமை வந்திருக்குமா?" என்று கேட்டாய். உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஷபானா விடவில்லை. "என்ன மாமி ஆச்சு?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அம்மாவிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். நான் கேட்டதில்லை, நீயும் கேட்டதில்லை. அம்மா பனியனை மடித்துக்கொண்டே சொன்னாள், கண்ணை எடுத்து என்னைப் பார்க்காமல்.

உனக்குக் காது வலி வந்த முதல் நாளே நம் ஊர் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவர் மருந்து கொடுத்துவிட்டு, இது காது டாக்டர் பார்க்க வேண்டியது, இன்றைக்கே பெரம்பலூர் கொண்டுபோங்கள் என்று சீட்டு எழுதியிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து, வீட்டிலிருந்ததிலேயே பெரியது அந்த நீலப் பை என்பதால் அதில் உன் துணி, சீட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, எதிர்வீட்டிலிருந்து தன் தம்பிக்குத் தகவல் சொல்லியிருக்கிறாள். உன் மாமா அப்போது ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலையில் இருந்தார். ஷிப்ட் மாற்ற ஆள் கிடைக்கவில்லை, நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். நாளைக்கும் வரமுடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம்தான் வந்தார். அந்த மூன்று நாளும் உன் அம்மா நீலப் பையைக் கதவுப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, உன்னை மடியில் போட்டுக்கொண்டு, பெரம்பலூர் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. வழியும் தெரியும். காது டாக்டர் பார்த்துவிட்டு, "மூணு நாள் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றாராம்.

"பக்கத்து வூட்டு ஆளுங்களோட போயிருக்கலாமே மாமி?" என்றாள் ஷபானா.

"அதுக்கும் ஒரு பேச்சு துபாய்க்குப் போவும்ல" என்றாள் அம்மா.

நான் அங்கேயே இருந்தேன் ரியாஸ். தரையில், அந்தப் பைகளுக்கு நடுவில். எனக்கு வாயில் வந்தது என்ன தெரியுமா? மன்னிப்பு இல்லை. "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். இத்தனைக்குப் பிறகும் அவளையே கேள்வி கேட்டேன்.

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லாமல், நிதானமாகச் சொன்னாள். "சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? 'நான் சாதாரணமா சொன்னத வச்சிக்கிட்டு ஆபத்து அவசரத்துக்குக்கூட போவாம இருந்தியா'ன்னு கேட்டிருப்பீங்க. அப்பவும் தப்பு என்னோடதாத்தான் இருந்திருக்கும். எப்படியும் என்னோடதுதான்னா, எதுக்குப் போன்ல கத்த வச்சி உங்களையும் அங்க தூக்கமில்லாம பண்ணணும்?"

அவள் சொன்னது சரி. அச்சு அசலாக நான் அதைத்தான் கேட்டிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னாள். "ஒவ்வொரு லீவுக்கும் நீங்க பேக்க எடுத்து நீட்டுறப்ப, எங்க போறதுக்குன்னு கேக்கணும்னு தோணும். ஆசையா வாங்கியாந்திருக்கீங்களேன்னு கேக்க மாட்டேன். வாங்கிக் கொடுத்தத நல்லபடியா வச்சிக்கிறதாவது செய்வோம்னு வச்சிக்கிட்டேன்." அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. காதைப் பற்றிச் சொன்னபோது உடையவில்லை. ஷபானா போய் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். ஆண்பிள்ளை அழுவதை மருமகள் பார்க்கக் கூடாது என்று அப்போதும் ஒரு கௌரவம் இருந்தது எனக்கு.

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று எனக்குப் பழக்கமில்லை. "மாப்பு குடு" என்றேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "விடுங்க, வயசான காலத்துல" என்றாள். அது மன்னித்ததா, பேச்சை முடித்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும், எனக்கு அதுதான் தகும். ஆனால் உன்னிடம் நான் சொல்லி வைத்த பொய்யை மட்டும் என்னால் திருத்த முடியும். உன் காது போனது உன் அம்மாவால் இல்லை. நான் போனில் போட்ட சத்தத்தால். இதை நீ நாலு தடவை படி.

பைகளை என்ன செய்தோம் என்று கேட்பாய். உரிந்து போனவற்றைத் தூக்கிப் போட அம்மாவே சம்மதித்தாள். சீட்டுகளை மட்டும் பிரித்து எடுத்து வைத்துக்கொண்டாள், எதற்கென்று நான் கேட்கவில்லை. தேறியது ஆறு. ஷபானா அவற்றைக் காய்ந்த துணியால் துடைத்து, இரண்டு நாள் ஜன்னல் பக்கம் நிழலில் காற்றாட வைத்தாள். பிறகு பீரோவின் நடுத்தட்டில், கைக்கு எட்டுகிற உயரத்தில், உறையில்லாமல் இடைவெளி விட்டு நிற்க வைத்தாள். "மாமி, உள்ள தள்ளி வச்சா மறந்துடுவோம். கண்ணுல பட்டாத்தான் எடுப்போம். வாரத்துக்கு ஒண்ணா மாத்தி மாத்தி எடுங்க, அதுவே அதுக்கு நல்லது" என்றாள். நீ அனுப்பிய கார்கோ செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று பைகளும் அழகாகத்தான் இருக்கின்றன. ஷபானா ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒன்றை மாமிக்கு என்று அதே தட்டில் வைத்துவிட்டாள். மூன்றாவதைப் பெரம்பலூரில் இருக்கிற தன் அக்காவுக்குக் கொடுக்கட்டுமா என்று உன்னிடமே கேட்கப் போகிறாளாம். சரி என்று சொல்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அத்தாவாகப் போய்விட்டேனே, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊரில் நாலு பேர் பேசுவார்கள் என்று சொன்னாய். என்னிடம் பேசியவர் ஒருவர்தான், அதுவும் சோறு தின்கிற நேரத்தில் தமாஷுக்கு. அதற்கு நான் கொடுத்த விலை உன் காது. அவருக்கு அந்தப் பேச்சு ஞாபகத்தில்கூட இருக்காது. நீ தூரத்தில் இருக்கிறாய். உனக்குப் பயமாக இருக்கும், ரூமில் படுத்தால் கண்டதெல்லாம் தோன்றும், எனக்குத் தெரியாதா? அந்தப் பயத்தை ஷபானா மேல் சட்டமாகப் போடாதே. பயமாக இருக்கிறது என்று அவளிடமே சொல். நான் என் பயத்தை ஒரு நாளும் உன் அம்மாவிடம் பயமென்று சொன்னதில்லை, கோபமாகத்தான் சொன்னேன். சொல்லியிருந்தால் அவள் சிரித்துவிட்டு, போனதும் வந்ததும் ஒரு தகவல் சொல்லியிருப்பாள். அவ்வளவில் முடிந்திருக்கும். ஷபானாவுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று தோன்றினால் முதலில் என்ன வேண்டும், எதற்கு வேண்டும் என்று கேள். கேட்காமல் வாங்கிய பத்தொன்பதை நாங்கள் பார்த்துவிட்டோம்.

நீ என்னிடம் ஒப்படைத்த காரியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது ஷபானா தலையைக் குனிந்துகொண்டு, "மாமா, வெள்ளிக்கெழமை அவங்க பேசுனது எங்காதுல உழுந்துச்சி. நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போவவா, வேணாமா?" என்றாள். பயந்துகொண்டு கேட்கவில்லை. ஆனால் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, "போ" என்றாள். எனக்கு முந்திக்கொண்டு அவள் பதில் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு, "மத்தியானத்துக்கு என்ன கட்டித் தரட்டும்?" என்று அவளிடம் கேட்டாள். சொல்வதற்கு எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. ஷபானா தினமும் போய்க்கொண்டிருக்கிறாள். அதை நிறுத்த நான் பேச மாட்டேன். நீ பேசினால், இந்த வீட்டில் உனக்கு எதிராக மூன்று பேர் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு பேசு.

இன்று அவள் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா. அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் ஏதோ நாடகம் போடுகிறார்களாம். "மாமி, நீங்களும் வாங்க" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முழங்கால் வலி, கூட்டம் ஆகாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த உன் அம்மா, இன்று காலை எட்டு மணிக்கெல்லாம் மத்தியானத்துக்கு எனக்கு வேண்டியதைச் சமைத்து மூடிவைத்துவிட்டு, புர்காவைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பீரோவைத் திறந்து நீ அனுப்பிய புதுப் பையை ஒரு முறை தொட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. பூசணம் துடைத்து வைத்த பழுப்புப் பையை எடுத்து, மூக்குக்கண்ணாடி, மாத்திரை, தண்ணீர் பாட்டில், கைக்குட்டை எல்லாவற்றையும் வைத்தாள். "நானும் வரட்டுமா, பஸ்ஸுல எடம் புடிச்சித் தரேன்" என்றேன். "வேணாங்க. நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துர்றோம். கேஸ் சிலிண்டர் வந்தா வாங்கி வச்சிடுங்க" என்றாள். தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்தேன். வார் நழுவ நழுவ இழுத்து விட்டுக்கொண்டே நடந்தாள், பழக்கமில்லாத தோள். பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அது நல்ல கஷ்டம்.

சிலிண்டர் வந்துவிட்டது. இப்போது மணி நாலரை. ஐந்து மணி பஸ்ஸா, ஆறு மணி பஸ்ஸா என்று கேட்கப் போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். வருவார்கள். நீ இதைப் படித்து முடிக்கும்போது உன் அம்மா வீட்டில்தான் இருப்பாள். என் நம்பருக்குக் கூப்பிடாதே, அவள் நம்பருக்குக் கூப்பிடு. நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று அவள் ஆரம்பிப்பாள். அதற்கு விடாதே. நீ முதலில் பேசு. என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் நீ இத்தனை வருஷம் அவளிடம் சொன்னாய்.

உன் அத்தா